தேம்ஸ் கரையில் நம் கப்பல்காரர்கள்

லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், சாரதி இல்லாமல் தானே ஓடும் சின்ன ரயிலில் ஏறி, 'ஈஸ்ட் இண்டியா' என்ற ஸ்டேஷனில் இறங்கினால் தெருப் பெயர்கள் விசித்திரமாக இருக்கின்றன. ஒரு தெருவின் பெயர் கிராம்பு, இன்னொன்று ஜாதிக்காய், பக்கத்திலேயே குங்குமப்பூ, சற்றுத் தள்ளிக் கொத்தமல்லி. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியை யாரோ அங்கே கவிழ்த்துவிட்டுப் போனாற்போலத் தோன்றும். ஆனால் மூக்கை எவ்வளவுதான் உறிஞ்சிப் பார்த்தாலும் வாசனை ஒன்றும் வருவதில்லை. கண்ணாடிக் கட்டடங்களும், அவற்றில் வேலை பார்க்கும் உத்தியோகஸ்தர்களும், அவர்கள் கையில் காகிதக் காப்பிக் கோப்பைகளுமே கண்ணில் படும்.

இந்த இடத்தில்தான் 1806-ஆம் வருஷத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கப்பல்கள் வந்து நிற்பதற்கென்று துறை வெட்டினார்கள். சீனத்துத் தேயிலை, வங்காளத்துப் பட்டு, மிளகு, அவுரி எல்லாம் இங்கே இறங்கின. திருட்டுக்குப் பயந்து சுற்றிலும் உயரமான மதில் எழுப்பினார்கள். யார் யாரிடமிருந்து திருடுவது என்ற கேள்வியை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 1967-ல் துறையை மூடிவிட்டார்கள். மதிலில் ஒரு துண்டு மட்டும் நிற்கிறது. கப்பல்கள் உள்ளே நுழைந்த நீர்த்தேக்கத்தில் இப்போது நாணலும் நீர்ப்பறவைகளும் இருக்கின்றன. சரக்குகளின் பெயர்கள் தெருக்களுக்குக் கிடைத்துவிட்டன. சரக்கைக் கொண்டு வந்து சேர்த்த மனிதர்களின் பெயரை இந்தத் தெருக்களில் தேடினால் கிடைக்காது.

அந்த மனிதர்கள் கப்பலை விட்டு இறங்கினால் எங்கே போவார்கள், எங்கே உட்காருவார்கள், யாரோடு பேசுவார்கள் என்று பார்த்து வரவேண்டும் என்பதுதான் என்னுடைய நோக்கம். மாலுமி கரையிறங்கினால் மதுக்கடைக்குப் போவான் என்பது உலகம் அறிந்த விஷயம். குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் மதுக்கடையைப் பற்றி என்ன பேச்சு என்று சகோதரிகள் முகம் சுளிக்க வேண்டாம். நான் குடிப்பவனுமல்ல, குடியைப் புகழுகிறவனுமல்ல. மாதக்கணக்கில் நாலு பக்கமும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவன் கரையேறியதும் முதல் முதலாகத் திறந்திருந்த கதவு எது என்று கேட்டால், எல்லாத் துறைமுகங்களிலும் பதில் ஒன்றாகவே இருந்தது என்பதைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. கோயில் பூட்டியிருக்கும், கச்சேரி பூட்டியிருக்கும், கிருகஸ்தர் வீட்டுக் கதவு எப்போதுமே பூட்டியிருக்கும்.

லண்டன் கோட்டையிலிருந்து கிழக்கே நடந்தால் முதலில் வருவது வாப்பிங். குறுகலான கல் பாவிய தெரு. இரு புறமும் பழைய கிடங்குகள். அவை இப்போது பெரும் பணக்காரர்கள் வசிக்கும் வீடுகள். கிடங்குகளுக்கு நடுவே, ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்துகள் ஆற்றுக்கு இறங்குகின்றன. பாசி பிடித்த படிகள். அத்தகைய ஒரு படித்துறைக்குப் பக்கத்தில் 'டவுன் ஆப் ராம்ஸ்கேட்' என்ற கடை. இன்னும் சற்றுத் தூரத்தில் 'பிராஸ்பெக்ட் ஆப் விட்பி'. விட்பி என்ற ஊரிலிருந்து நிலக்கரி ஏற்றிவந்த கப்பலின் பெயராம் அது. 1520 முதல் இருந்து வருவதாகக் கடைக்காரர் விளம்பரம் செய்கிறார். தரையில் பாவிய கற்களைப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஆற்றின்மேல் ஒரு தூக்குக் கயிறு தொங்குகிறது. கடற்கொள்ளைக்காரர்களை இந்தக் கரையோரத்தில் தூக்கிலிடுவது வழக்கம். காப்டன் கிட் என்பவனை 1701-ல் இங்கேதான் தூக்கிலிட்டார்கள். இப்போது உல்லாசப் பிரயாணிகள் அந்தக் கயிற்றோடு புகைப்படம் எடுத்துக்கொள்ளுகிறார்கள். எனக்கு அது ரசிக்கவில்லை.

இந்தக் கரையோரத்துக் கடைகளின் பழைய சரித்திரம் அவ்வளவு சந்தோஷமானதுமல்ல. பாய்மரக் கப்பல் காலத்தில் மாலுமிக்குப் பிரயாணம் முடிந்த பிறகுதான் முழுச் சம்பளமும் கைக்கு வரும். ஒரு வருஷத்துப் பணம் ஒரே நாளில்! அதற்காகவே காத்திருக்கும் தரகர்கள் உண்டு. அழைத்துப்போய் இடம் கொடுப்பார்கள், குடிக்கக் கொடுப்பார்கள், கணக்கு எழுதுவார்கள். பணம் தீர்ந்ததும், அடுத்த கப்பலுக்கு ஆளைத் தள்ளிவிட்டு, அந்தப் பிரயாணத்துக்குரிய முன்பணத்தையும் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். கடலில் பிழைத்தவன் கரையில் மூழ்கிப் போவான். மாலுமி விடுதிகளும் மிஷன்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றியதற்கு இதுவே முக்கிய காரணம்.

லைம்ஹவுஸ் பக்கத்திலே சார்லி பிரௌன் என்று ஒருவர் கடை வைத்திருந்தார். கடையின் உண்மைப் பெயர் 'ரெயில்வே டாவர்ன்'. அந்தப் பெயரைச் சொன்னால் எந்த மாலுமிக்கும் தெரியாது, சார்லி பிரௌன் கடை என்றால் ஏழு கடலிலும் தெரியும். கையில் காசில்லாத மாலுமிகள் தூர தேசத்திலிருந்து கொண்டுவந்த சாமான்களை அங்கே கொடுத்துவிட்டுப் போவார்கள். தந்தச் சிற்பம், சீனத்து ஜாடி, அபினிக் குழாய் என்று கடை முழுவதும் ஒரு காட்சிசாலையாகிவிட்டது. பிரபுக்கள் வண்டி போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்கள். 1932-ல் அவர் இறந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் சவ ஊர்வலத்துக்குத் திரண்டார்கள். சாமான்களைப் பிள்ளையும் பெண்ணும் பாகம் செய்துகொண்டார்கள். கடையை 1980-களின் இறுதியில் இடித்துவிட்டார்கள். இருந்த இடத்தைத் தேடிப் போனேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, சாலையும் ரயில் பாலமும் இருக்கின்றன.

இனி நம்மவர்கள் சங்கதிக்கு வருவோம்.

வெள்ளைக்காரர் நம் மாலுமிகளுக்கு 'லாஸ்கர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சேனையைக் குறிக்கும் 'லஷ்கர்' என்ற பாரசீகச் சொல்லின் சிதைவு அது. கப்பல் தளத்திலே அவர்களுக்குத் தலைவன் 'ஸெராங்'. அவனுக்கு அடுத்தவன் 'டிண்டால்'. இந்த டிண்டால் யாரோ அன்னியன் என்று நினைக்கவேண்டாம். தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் தோணியை நடத்திச் செல்பவருக்குத் தண்டல் என்று பெயர். நம் தண்டல்தான் அங்கே டிண்டாலாகி வெள்ளைக்காரர் கணக்குப் புஸ்தகத்தில் ஏறிவிட்டார். சுக்கான் பிடிப்பவர் சுக்கானி. அவரை 'ஸீகன்னி' ஆக்கிவிட்டார்கள்.

பெயரைத் திரித்தது போகட்டும். நான் கணக்கு வாத்தியார் ஆனதால் ஒரு சிறு கணக்குச் சொல்லுகிறேன். 1906-ல் ஆங்கிலேய மாலுமி ஒருவனுக்குக் கப்பலில் 120 கன அடி இடம் ஒதுக்கவேண்டும் என்று சட்டம் செய்தார்கள். லாஸ்கருக்கு இருந்த அளவு 36 கன அடி. ஆறடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி உயரம் என்று பெருக்கிப் பாருங்கள்; முப்பத்தாறு வரும். அந்த அளவில் என்ன பெட்டி செய்வார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. சம்பளமோ வெள்ளை மாலுமியின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. இங்கிலாந்துத் துறைமுகத்தில் கணக்குத் தீர்த்துக்கொண்டு இறங்கிவிடவும் ஒப்பந்தம் இடங்கொடாது, இந்தியாவுக்கே திரும்பவேண்டும்.

கப்பல் கிடைக்காமல் அகப்பட்டுக் கொண்டவர்கள் லண்டன் குளிரில் தெருவோரத்தில் கிடந்து மாண்டார்கள். அந்த அவமானம் பொறுக்காமல்தான் 1857-ல் வெஸ்ட் இண்டியா டாக் ரோடில், ஆசியாக் கண்டத்து மாலுமிகளுக்கென்று ஒரு விடுதி திறந்தார்கள். மகாராஜா துலீப் சிங் 500 பவுன் கொடுத்தார். ராஜ்யத்தையும் கோஹினூரையும் பறிகொடுத்துவிட்டு இங்கிலாந்தில் வளர்ந்த அந்த இளைஞர், தம் தேசத்துக் கப்பல் கூலிக்காரனுக்குக் கூரை போடப் பணம் கொடுத்தார் என்பதைப் படித்தபோது சற்று நேரம் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்த விடுதி 1937 வரையில் நடந்தது.

விடுதி இருந்தாலும் மாலுமிக்கு வேண்டியது விடுதி மட்டுமல்ல. உட்கார்ந்து பேச ஒரு இடம். லாஸ்கர்களில் பெரும்பாலோர் சில்ஹெட் ஜில்லாவையும் கொங்கணத்தையும் சேர்ந்த முஸ்லிம்கள். மது அவர்களுக்கு விலக்கு. கோவாக்காரர்களே சமையலறையிலும் பரிமாறும் வேலையிலும் இருந்தார்கள். அவர்களுக்கு அந்த ஆட்சேபணை இல்லை. ஆகவே நம்மவர்களுடைய 'மதுக்கடை' பெரும்பாலும் காப்பிக் கடையாகவே இருந்தது! கமர்ஷியல் தெரு 76-ஆம் எண்ணில் ஷா ஜலால் என்ற காப்பிக் கடையை நடத்தியவர் அயூப் அலி. தாமே மாலுமியாக வந்து இங்கே தங்கிவிட்டவர். கப்பலை விட்டு ஓடிவந்தவனுக்குச் சோறும் இடமும் கொடுப்பார். எழுதத் தெரியாதவனுக்குக் கடிதம் எழுதுவார். சர்க்கார் கச்சேரியில் பதிவு செய்து வைப்பார். ஜனங்கள் அவரை 'மாஸ்டர்' என்றே அழைத்தார்கள். 1943-ல் ஷா அப்துல் மஜீத் குரேஷி என்பவரோடு சேர்ந்து மாலுமிகளின் நலனுக்காக ஒரு சங்கமும் கண்டார். இத்தகைய பழைய மாலுமிகளை 1980-களில் தேடிப்பிடித்து, அவர்கள் நினைவுகளைக் காரொலின் ஆடம்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி கேட்டு எழுதி 1987-ல் நூலாக வெளியிட்டார். இன்று லண்டனில் தெருவுக்குத் தெரு 'இந்தியச் சாப்பாடு' என்று பலகை போட்டிருக்கும் கடைகளில் பல, இந்தக் கப்பல் அடுப்பிலிருந்து பற்றவைத்த நெருப்புத்தான்.

கானிங் டவுனில் இன்னொரு கதவும் திறந்திருந்தது. கண்டியிலே பிறந்த மலாய் வம்சத்தவரான கமால் சஞ்சி என்ற பாதிரியார், நிறத்தின் காரணமாக எங்கும் இடம் கிடைக்காத மாலுமிகளுக்காக 1926-ல் ஒரு நிலையம் ஏற்படுத்தினார். 1930-ல் சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று அதை இடித்துவிட்டார்கள். சாலை இன்றும் அகலமாகவே இருக்கிறது.

பேச இடம் கிடைத்தால் மனிதர்கள் பேசுவதோடு நிற்பார்களா? 1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டதும், குண்டு விழும் கடலில் பழைய சம்பளத்துக்குப் போகமாட்டோம் என்று லாஸ்கர்கள் லண்டன் துறையில் வேலை நிறுத்தம் செய்தார்கள். அது துறைமுகம் துறைமுகமாகப் பரவியது. நூற்றுக்கணக்கானவர்களைச் சிறையில் அடைத்தார்கள். வி. கே. கிருஷ்ண மேனனின் இந்தியா லீக் அவர்கள் பக்கம் நின்றது. சம்பளம் ஓரளவு உயர்ந்தது, கப்பல்கள் புறப்பட்டன. அந்த யுத்தத்தில் பிரிட்டிஷ் வியாபாரக் கப்பல்களில் மாண்ட இந்திய மாலுமிகள் ஆறாயிரம் பேருக்கு மேல். லண்டன் கோட்டைக்கு எதிரே டவர் ஹில்லில் யுத்தத்தில் மூழ்கிய வியாபாரக் கப்பல்காரர்களுக்குப் பெரிய ஞாபகச் சின்னம் இருக்கிறது. வெண்கலத் தகடுகளில் கப்பல் வாரியாகப் பெயர்கள். நம்மவர் பெயரைத் தேடுகிறவர்கள் பம்பாய்க்கும் சிட்டகாங்குக்கும் போகவேண்டும். அவர்களுடைய பெயர்ப் புஸ்தகங்களை அங்கேதான் வைத்திருக்கிறார்கள். ஒரே கப்பல், ஒரே குண்டு, ஒரே கடல். பெயர் மட்டும் வேறு கண்டத்தில்!

இவ்வளவும் புஸ்தகத்தில் படித்தறியலாம். படித்தறிய முடியாததைச் சொன்னவர் தூத்துக்குடியில் எங்கள் தெருவிலே இருக்கும் ஒரு பெரியவர். எண்பதைத் தாண்டியவர். 1961-ல் பம்பாய்க்குப் போய், மாதக்கணக்கில் காத்திருந்து, ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக் கப்பலில் தளத்து வேலைக்குச் சேர்ந்தவர். என் பிரயாணத்துக்கு முன் பல மாலை வேளைகளில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"லண்டன் பார்த்தீர்களா என்று எல்லோரும் கேட்பாங்க, சார். நாங்க எங்கே பார்த்தோம்? ஆல்பர்ட் துறை வாசல்லேயிருந்து அரை மைல் சுற்றளவு, அதுதான் எங்களுக்கு லண்டன்" என்றார்.

அந்த அரை மைலை அவர் வர்ணித்தது போல் எந்த வழிகாட்டிப் புஸ்தகமும் வர்ணிக்காது. கடைகளின் பெயர் அவருக்குத் தெரியாது. மாலுமிகள் தாங்களே பெயர் வைத்துக்கொள்வார்களாம்: மஞ்சள் கண்ணாடிக் கடை, நாய்க் கடை, கிழவி கடை. கிழவி கடைக்காரிக்கு அப்போது ஐம்பது வயதுகூட இராது என்று இப்போது கணக்குப் பார்த்தால் தெரிகிறதாம். மதுவிலக்கு அமலிலிருந்த சென்னை ராஜ்யத்திலிருந்து போன பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு, போலீஸ்காரர் ஒருவர் கடையில் நின்று பகிரங்கமாகப் பீர் குடிப்பதைக் கண்டதும் கை கால் நடுங்கிற்றாம். சட்டம் அங்கேயும் உண்டு. பிற்பகலில் கடையை மூடிவிட வேண்டும். மாலையில்தான் மறுபடியும் திறக்கலாம். முதல் உலக யுத்தத்தில் வெடிமருந்துத் தொழிலாளர் குடித்துக் கெடாமலிருக்கப் போட்ட கட்டுப்பாடு, 1988 வரையில் நீடித்தது. ஓய்வு கிடைப்பதோ பிற்பகலில். மூடிய கதவுக்கு வெளியே மழையில் நின்ற கதைகள் அவரிடம் எத்தனையோ!

திறந்த கதவுக்கு வெளியே நின்ற கதையும் ஒன்று உண்டு. முதல் பிரயாணத்தில் மூன்று பேராக ஒரு கடைக்குள் நுழைந்தார்கள். "இடமில்லை" என்றார் கடைக்காரர். "நாற்காலி காலியாத்தான் இருந்துச்சு. எங்க கூட வந்த கோவாக்காரன் இங்கிலீஷ் நல்லாப் பேசுவான். அவன் தொப்பியை எடுத்துட்டு, 'நாங்க நிண்ணுக்கிட்டே குடிக்கிறோம்'னான். அதுக்கும் இடமில்லைன்னுட்டான்." அப்படிச் சொல்வது அப்போது குற்றமல்ல. பொது இடங்களில் நிற வேற்றுமை காட்டக்கூடாது என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது 1965-ன் இறுதியில். மறு வருஷம் அவர் கப்பல் மீண்டும் அங்கே வந்தது. வேண்டுமென்றே அதே கடைக்குப் போனாராம். அதே மனிதர் பேசாமல் ஊற்றிக் கொடுத்தார். பாதிக் கோப்பை குடித்துவிட்டுக் காசை எண்ணி வைத்துவிட்டு வந்துவிட்டார். "ருசியாயிருந்ததா?" என்று கேட்டேன். "பீருக்கு என்ன ருசி, சார்? கசப்புத்தான்" என்றார்.

கிழவி கடையில் அப்படியில்லை. அங்கே கணப்பு உண்டு. சுவரில் வட்டப் பலகை மாட்டி ஈட்டி எறியும் ஆட்டம் உண்டு. முந்நூற்றொன்றிலிருந்து ஒவ்வொரு எறிக்கும் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் இரட்டை வட்டத்தில் சரியாகச் சூன்யமாக்க வேண்டும். நம் பெரியவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். கிழவி சாக்குக் கட்டியால் பலகையில் எழுதி எழுதிக் கழித்தல் கற்றுக் கொடுத்தாளாம். இப்போதும் மளிகைக் கடைச் சிட்டையை நான் கூட்டி முடிப்பதற்குள் அவர் மீதிச் சில்லறையைச் சொல்லிவிடுகிறார். என் மாணவர்களுக்கு இந்த உபாயத்தைச் சிபாரிசு செய்யத் தலைமையாசிரியர் சம்மதிக்கமாட்டார்.

"குடிக்கவா போனோம்? அரைக் கோப்பை வாங்கினா மூணு மணி நேரம் உட்காரலாம். கப்பல்லே யாரைப் பார்த்தாலும் அதே முகம். இங்கே நமக்குச் சம்பந்தமில்லாத ஒரு மனுஷன் வந்து, 'என்ன மழை!' என்று சொல்லிட்டுப் போவான். அதுக்காகத்தான் போனோம்." பிறகு, தரையை ஒருமுறை பார்த்துவிட்டு, "இன்னும் ஒண்ணு. அந்த நாற்காலி ஆடாது" என்றார்.

குடித்துக் கெட்டவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். தம்மோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்கு அனுப்பவேண்டிய பணம் முழுவதையும் ஒரே இரவில் தொலைத்துவிட்டு, ஊர் திரும்ப முகமில்லாமல் அடுத்தடுத்த கப்பலில் ஏறிப் போய்க்கொண்டேயிருந்ததை அவர் சொன்னார். அந்தக் குடும்பம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஆகவே மேலே எழுதுவதற்கில்லை. பெரியவர் தமது பணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ஸிங்கர் தையல் இயந்திரம் வாங்கி, கப்பல் வரையில் தோளில் சுமந்து வந்தார். அதில் தைத்துச் சம்பாதித்துத்தான் அவருடைய தங்கை இரண்டு பெண்களைப் படிக்கவைத்தாள்.

இந்தக் கரை வாழ்வெல்லாம் நடந்ததற்கு ஒரே காரணம், சரக்கு இறங்க நாளாயிற்று என்பதுதான். மூட்டை மூட்டையாக, பெட்டி பெட்டியாகப் பாரந்தூக்கியில் கட்டி இறக்கவேண்டும். மழை பெய்தால் நிறுத்தவேண்டும். பத்து நாள், பதினைந்து நாள் கப்பல் துறையில் நிற்கும். 1956 ஏப்ரலில் மால்கம் மக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, ஐம்பத்தெட்டு இரும்புப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். அன்றைக்கே கிழவி கடைக்கு முடிவு எழுதியாகிவிட்டது. செய்தி வந்து சேர இருபது வருஷம் பிடித்தது, அவ்வளவே. இரும்புப் பெட்டிக் கப்பல்களுக்கு லண்டனின் பழைய துறைகளில் இடம் போதவில்லை. வெஸ்ட் இண்டியா துறை 1980-லும், ராயல் துறைகள் 1981-லும் மூடப்பட்டன. முன்னதில் இப்போது வானளாவிய பாங்கிக் கட்டடங்கள். பின்னதில், இரண்டு துறைகளுக்கு நடுவேயுள்ள கரையில், ஆகாய விமானங்கள் இறங்குகின்றன. பெரியவர் சொன்ன அரை மைலை நான் இரண்டு முறை சுற்றி வந்தேன். மஞ்சள் கண்ணாடியும் இல்லை, நாயும் இல்லை.

கப்பல்கள் இப்போது ஆற்றின் முகத்துவாரப் பக்கம், டில்பரிக்கும் அதற்கப்பால் 2013-ல் திறந்த புதுத் துறைமுகத்துக்கும் போய்விட்டன. ஊரிலிருந்து வெகு தூரம். பெரிய கப்பலும் ஒரு நாள், ஒன்றரை நாளில் வேலையை முடித்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறது. 2004-ல் வந்த பந்தோபஸ்து விதிகளால் வாயிலைத் தாண்டுவதற்கே சீட்டு வேண்டும். குடியும் போயிற்று, இரத்தத்தில் சாராயம் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது. அது நல்லதுதான், அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் குடியோடு கரையும் போய்விட்டதே! 2020-ல் கொரோனா நோய் பரவியபோது, ஒப்பந்தக் காலம் முடிந்தும் இறங்க அனுமதி கிடைக்காமல் நாலு லட்சம் மாலுமிகள் கப்பல்களிலேயே சிறைப்பட்டிருந்தார்கள். நமக்கு மருந்தும் தானியமும் எண்ணெயும் தடையின்றி வந்துகொண்டிருந்தன. உலகத்து மாலுமிகளில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் நம் தேசத்தவர்.

டில்பரியில் மாலுமிகளுக்காகத் தர்ம ஸ்தாபனத்தார் நடத்தும் இல்லம் ஒன்று இருக்கிறது. கப்பலிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் வண்டியின் சாரதியோடு வாயிலுக்கு வெளியே சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்தேன். முதலில் டெலிபோனுக்கு இணைப்பு. வீட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு. அப்புறம் சாக்லேட், குளிர்ச் சட்டை. பெரும்பாலோருக்கு இரண்டு மணி நேரந்தான் அவகாசம். அன்று காலை இந்தியப் பையன்கள் நாலு பேரைக் கடைவீதிக்கு அழைத்துப் போனாராம். மூவர் கடைக்குள் போனார்கள். ஒருவன் மட்டும் சாமான் ஒன்றும் வேண்டாமென்று சொல்லிவிட்டு, வெளியே இருந்த புல்தரையில் ஜோடுகளைக் கழற்றி வைத்துவிட்டு, மற்றவர்கள் திரும்பி வரும் வரையில் நின்றுகொண்டிருந்தானாம்.